படிவத்தில் பத்து வரி

சேலத்திலிருந்து தபாலில் வந்தது படிவம்.
'ஓடை நீர்ப் பங்கீட்டுத் திட்டம்:
பங்குதாரர் பெயர்ப்பட்டியல்.'
கீழே கோடு போட்டுப் பத்து வரி.
வெள்ளிக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும்.

நாற்காலியை விட்டு எழாமலே
ஏழு வரி நிரம்பிவிட்டது.
எஸ்டேட் சங்கம், விடுதி உரிமையாளர் சங்கம்,
தலைவர், துணைத் தலைவர், வனச்சரகர்
(காட்டெருமைகள் சார்பிலும் அவரே கையெழுத்திடுவார்),
கான்வென்ட் தாளாளர்,
ஏரியில் படகுக் குத்தகை எடுத்தவர்.
எல்லார் எண்ணும் என் செல்பேசியில் இருந்தது.
பிறகுதான் உறைத்தது:
எண் இருப்பவர்களை மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

எட்டாவது வரிக்காக ஓடையோரம் நடந்தேன்.
மழை விட்டும் சில்வர் ஓக் மரங்கள்
சொட்டுவதை விடவில்லை.

வால்வு திறப்பவர் பெயர் சடையாண்டி.
இரவு இரண்டு மணிக்குத் திறந்து
நாலரைக்கு மூடுகிறார்.
எந்தக் குழாய்க்கு எத்தனை சுற்று என்பது
எங்கள் கோப்பு எதிலும் இல்லை.
அவர் மணிக்கட்டில் இருக்கிறது.
"நீங்களும் ஒரு பங்குதாரர்" என்றேன்.
"எத்தனை பங்கு மேடம்?
விலைக்குப் போகும்னா
இப்பவே வித்துடறேன்" என்று சிரித்தார்.

விடுதிப் போர்வைகளைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்த
மரியபாக்கியம் தலை நிமிரவில்லை.
"கூட்டம் எப்போ?"
"செவ்வாய், காலை பதினொண்ணு."
"அப்போ எங்களைக் கூப்பிடலைன்னு அர்த்தம்."

பழம் பறிக்கும் மாதம்.
கிலோவுக்குத்தான் கூலி.
பதினொரு மணிக்கு வந்து உட்கார்ந்து
கருத்துச் சொல்ல
காப்பித் தோட்டத்தில் யாருக்கு இடுப்புக்கூடை இறங்கும்?

ஒன்றிய எல்லைப் பலகை வரைக்கும் போய் நின்றேன்.
ஓடை நிற்கவில்லை.
பாறைகளுக்கிடையே பேசிக்கொண்டே
சேலம் பக்கம் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் பேருந்தில்
இருபது கொண்டை ஊசி வளைவுகள், குமட்டல்,
அடிவாரத்தில் மரவள்ளிக் காடு.
தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த அர்த்தநாரி
மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னார்:
"நீங்க மேலே பேசி முடிக்கறது
எங்களுக்கு ரெண்டு நாள்ல தெரிஞ்சிடும்."
"யார் சொல்லுவாங்க?"
"வாய்க்கால்."

பத்து வரி போதவில்லை.
தாளைத் திருப்பி எழுதினேன்.
சடையாண்டி, மரியபாக்கியம், அர்த்தநாரி,
சத்துணவுக்கூடத்து எலிசா,
லாரியில் தண்ணீர் விற்கும் காதர்பாட்சா
(அவருக்குத் தண்ணீர் வராமலிருப்பதில்தான் பங்கு,
அதற்காக விட்டுவிட முடியுமா),
மேல்குடிசையில் பெயர் சொல்ல மறுத்த ஒரு பெண்:
'வெள்ளையன் சம்சாரம்னு போடு.'
அப்படிப் போடவில்லை.
காத்திருந்தேன். கடைசியில் சொன்னாள்: செம்பாயி.

அதிகாரி நல்லவர். முன்பக்கத்தைப் படித்தார்.
முன்பக்கத்தை நகலெடுக்கச் சொன்னார்.
"பின்னாலயும் இருக்கு சார்."
"படிவத்துல பத்து வரிதானேம்மா?"

பேருந்து நிலையத்து ஜெராக்ஸ் கடையில்
இரண்டு பக்கமும் எடுத்தேன், என் காசில்.
தேதிக்காக மூன்று நாள் மல்லுக்கட்டினேன்.
நாற்காலிக்காரனுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று என்பதே
எனக்கு எதிராக வந்த பெரிய வாதம்.

ஞாயிறு மாலை ஆறு, எஸ்டேட் எடை மேடை.
முப்பது நாற்காலி. எழுபது பேருக்கு மேல்.
மிச்சப் பேர் காப்பி உலர்த்தும் களத்தில் உட்கார்ந்தார்கள்.
விடுதிச் சங்கம் ஒரு மேலாளரை அனுப்பியிருந்தது.
அவர் மின்விசிறி தேடினார், இந்தக் குளிரில்.
வால்வை ஒன்றரைக்கே திறக்கலாமா என்பதில்
ஒரு மணி நேரம் போயிற்று.
திறக்க வேண்டியவர் தூங்கிவிட்டிருந்தார்,
அவருக்கு அது தூங்கும் நேரம்.
முடிவென்று ஒன்றும் எட்டவில்லை.
அடிவாரத்துக்கான கடைசிப் பேருந்து போய்விட்டதால்
அர்த்தநாரி காதர்பாட்சாவின் லாரியில் ஏறினார்,
வழியெல்லாம் சண்டை போட்டிருப்பார்கள்.

கலையும்போது செம்பாயி
பட்டியலை வாங்கி, திருப்பி, மறுபடி திருப்பி,
ஒவ்வொரு பெயரையும் விரலால் தொட்டுப் படித்தாள்.
"நீயும் இங்கதானே குடியிருக்கே?"
"ஆமா."
"இந்தத் தண்ணிதானே?"
"ஆமா."
பேனாவுக்குக் கை நீட்டினாள்.
ஏழு வருடமாக இவர்களுக்கு
வரி ரசீது எழுதித் தருகிறேன்.

"உன் பேரு என்ன?" என்றாள்.